ஒரு சாண் இடப்பக்கம்

தம்பி தென்னந்தோட்டத்துக் குரங்குகளை விரட்டப் புதிதாக வாங்கிய காற்றுத் துவக்கை மணல் மூட்டையின் மேல் வைத்து, வேலியில் கட்டிய அட்டையைச் சுட்டான். மூன்று குண்டும் வலப்பக்கமாகவே பட்டன. குறிபார்க்கும் ஸ்கோப்பின் திருகை மெல்லத் திருப்பினான். அப்போது துவக்கின் எண்ணெய் மணம் என் பக்கம் வந்தது.

வாப்பாவின் துவக்கிலும் அதே மணம்தான். வயலில் பன்றி இறங்குகிறதென்று அதை வாங்கிய முதல் நாள், ஒரு பலகையில் தேங்காய்ச் சிரட்டையைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தார். மூன்று வெடியும் சிரட்டைக்கு ஒரு சாண் வலப்பக்கம் பலகையைத் துளைத்தன. குழலின் நுனியில் குறிபார்க்க இருந்த குமிழ் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. திருத்தித் தர ஆள் இருந்தும் அவர் கொடுக்கவில்லை.

“அது கோணலா இரிக்கட்டும். எனக்குத் தெரிஞ்சாப் போதும்” என்றார்.

அதன்பிறகு எப்போதும் ஒரு சாண் இடப்பக்கம் பார்த்தே சுடுவார். குறி தப்பியதில்லை. விழுந்த பன்றியை நாங்கள் தொடமாட்டோம். பக்கத்துத் தமிழ் ஊரான வீரமுனையிலிருந்து அவருடைய கூட்டாளி வந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார்.

யுத்தம் மூண்ட பிரச்சினைக் காலத்தில் துவக்குகளைப் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். வாப்பா அதைத் துடைத்து, எண்ணெய் பூசி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

“கோணல் இரிக்கெண்டு சொன்னீங்களா?” என்று உம்மா கேட்டார்.

“இல்ல. இனி அதால ஆரு ஆரச் சுட்டாலும் ஒரு சாண் தள்ளித்தான் போகும்.”

சொல்லிவிட்டுச் சோற்றில் கையை வைத்தார்.

தம்பி நாலாவது குண்டைச் சுட்டான். அட்டையின் சரி நடுவில் ஓட்டை விழுந்தது.

“பாத்தீங்களா ராத்தா, இனி ஆரு சுட்டாலும் தப்பாது” என்றான்.