அறுபத்தாறு தடவை எழுந்து உட்காருதல்

மார்ச் 3: 49. நாடி 132.
மார்ச் 10: 57. நாடி 130.
மார்ச் 17: 61. நாடி 129.
மார்ச் 24: 55. நாடி 134.
மார்ச் 31: 48. நாடி 137.
ஏப்ரல் 7: 44. நாடி 141.

தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர் தன் பச்சை அட்டை நோட்டில் எழுதி வைத்தவை இவை. முதல் எண், நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தார் என்பது. எடுக்க வேண்டியது அறுபத்தாறு.

முப்பத்தொரு வருடமாக ஒரே வட்டாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஏறி இறங்கியவர். தெருவில் அவருக்கு ‘லிட்டர்’ என்று பெயர். அறுபது வயது முடிந்ததும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூச்சுத் திறன் சோதனையில் தேறினால் இன்னும் இரண்டு வருடம் தெரு வேலை. தேறாவிட்டால் புகார்ப் பிரிவில் மேசை. புகார்ப் பிரிவு என்றால், பில் ஏறிப்போச்சு என்று வருகிறவர்களிடம் காலை முதல் மாலை வரை உட்கார்ந்த இடத்திலேயே திட்டு வாங்குவது. அந்த நாற்காலியிலிருந்து தப்பிக்க, இன்னொரு நாற்காலியிலிருந்து எழுந்து காட்ட வேண்டும்.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து உட்கார வேண்டும். முதல் நிமிடம் ஆறு தடவை. பிறகு நிமிடத்துக்கு இரண்டு கூடிக்கொண்டே போகும். மணியைத் தவறவிட்டால் அதோடு சரி. ஆறு நிமிடம் தாக்குப்பிடித்தால் அறுபத்தாறு. நாற்காலியின் உயரம் 43 சென்டிமீட்டர் என்றும் கடிதத்தில் இருந்தது. கூடத்துப் பிரம்பு நாற்காலியின் முன்சட்டத்தை டேப் வைத்து அளந்தார். சரியாக 43. நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டார்.

மணிக்குப் பதில் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக் கரண்டியால் டம்ளரைத் தட்டினாள். தினமும் பயிற்சி, வாரம் ஒரு தடவை கணக்கு. முதல் இரண்டு வாரம் எண் ஏறியது. பிறகு இறங்க ஆரம்பித்தது. அவர் சர்க்கரையை விட்டார், கனமான செருப்பை விட்டார், பையிலிருந்த சாவிக்கொத்தைக்கூட எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். எண் மசியவில்லை.

“நீ வேகமா தட்டுற.”

“கடிகாரம் ஓடுறபடி தட்டுறேன். அதையும் நானா தள்ளிவிடுறேன்?”

“மூணு வாரத்துக்கு முன்னாடி அறுபத்தொண்ணு எடுத்தவன் நான்.”

“அப்பவே போய் எந்திரிச்சுக் காட்டியிருக்கலாம்ல.”

ஏப்ரல் 10 அன்று, ‘புகார்ப் பிரிவுக்குச் சம்மதம்’ என்று தேதி போட்டு எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைக்குப் போனார். வயதில் சின்னவளான மருத்துவர், பலகை போட்ட நாற்காலியில் உட்காரவைத்து, நாடி பார்க்க விரலில் ஒரு கருவியை மாட்டினாள். மணி அடித்தது. எழுந்தார். யாரோ இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது மணிக்கும் அப்படியே. திரும்பிப் பார்த்தார்.

“பின்னாடி யாரும் இல்லைங்க ஐயா. மணியைக் கவனிங்க.”

அறுபத்தாறு வந்தது, போனது. ஏழாவது நிமிடமும் முடிந்து எண்பத்துநாலு ஆனது.

“போதும் ஐயா. அடுத்தவங்க காத்திருக்காங்க,” என்றாள் மருத்துவர்.

வீட்டுக்கு வந்தவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“நாற்பத்துநாலு மூணு நாள்ல எண்பத்துநாலு ஆகாது. கணக்கு உதைக்குது,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, யோசிப்பதற்காகப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்தன.

“மூணு வாரமா நான் அதுல உட்கார்றதே இல்லைங்க,” என்றாள் அவள். “குழியில விழுந்த மாதிரி இருக்கு.”

எழுந்து நடுப்பிரம்பை அளந்தார். 34. தினமும் அத்தனை தடவை உட்கார்ந்து உட்கார்ந்து, அதை அவரே பள்ளமாக்கியிருந்தார். கால் வலுக்க வலுக்க நாற்காலி தாழ்ந்துகொண்டே போயிருக்கிறது.

“ஏன் சொல்லல?”

“நீங்கதான் அளந்து கோடு போட்டுட்டீங்களே. கோட்டுக்குக் கீழ நான் என்னத்தச் சொல்ல?”

அன்றே நோட்டில் ‘நடு உயரம்’ என்று ஒரு பத்தி சேர்த்தார். ஏப்ரல் 10-க்கு நேராக 34. முந்தைய ஆறு தேதிகளுக்கும் நேராக ஒன்றும் இல்லை.

“உத்தேசமா ஏதாவது போடுங்களேன்,” என்றாள் மனைவி.

“பார்க்காத மீட்டருக்கு நான் என்னைக்காவது நம்பர் போட்டிருக்கேனா?”

சம்மதக் கடிதத்தைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. தேதி போட்ட தாள். அதைக் கோப்பில் சேர்த்தார். அதற்கு மேலே வைக்க வேண்டிய தாள், அதே வட்டாரம், அதே நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள், இன்னும் இரண்டு வருடம் என்ற அலுவலகக் கடிதம், வந்து சேர்ந்தது ஏப்ரல் 24 அன்று.