சூடானால் நிற்கும் வண்டியும் வுகோசவாவும்

பானெட்டைத் தூக்கும்போதே வுகோசவா திட்டத் தொடங்கிவிடுவாள். வண்டியை அல்ல, கடைசியாக அதில் கை வைத்தவனை. "எந்தப் புண்ணியவான்டா இத நோண்டுனது?" என்ற குரல் கேட்டதும், எதிரே ரொட்டிக் கடையில் நான் மாவு பிசைவதை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். நெகோத்தின் என்ற எங்கள் ஊரில் இதைவிட நல்ல வேடிக்கை கிடையாது.

அவளுக்கு வயது ஐம்பத்தைந்து. வண்டிகளின் மின்கோளாறு பார்ப்பதுதான் தொழில். சூரியகாந்தி விதை கொறித்தபடியே வேலை செய்வாள், தோலை எங்கள் வாசல்வரை துப்புவாள். புது உதிரிபாகத்தோடு வருகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "மாத்தி மாத்திப் பாக்குறவன் மெக்கானிக் இல்ல, சூதாடி" என்பாள்.

மே மாதம் ரதிவோய் வந்தான். தேனீ வளர்க்கிறவன். மலையில் அக்கேசியா பூத்து நான்கு நாளாகியிருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். அதற்குள் தேனீப் பெட்டிகளை மேலே கொண்டுபோகாவிட்டால் அந்த வருஷத் தேன் அம்போதான். வண்டியோ சூடேறினால் ஏற்றத்தில் நின்றுவிடும், அரைமணி ஆறினால்தான் மறுபடி கிளம்பும். மூன்று பட்டறைக்காரர்கள் கணினியைச் செருகிப் பார்த்து, எஞ்சின் சுற்றுவதைச் சேதியாக அனுப்பும் 'கேம்ஷாஃப்ட் சென்சார்'தான் கோளாறு என்று அது காட்டியதும் ஆளுக்கொரு புது சென்சார் மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

"சென்சார் கெட்டுப்போச்சுன்னா சொல்லுது? அதுகிட்டருந்து சேதி வரலைன்னுதான் சொல்லுது. கடுதாசி வரலைன்னா எழுதுனவனையேவாடா மாத்துவாங்க? வயர்ல யாராச்சும் கை வச்சாங்களா?" என்றாள் வுகோசவா.

"யாருமே இல்லக்கா. சத்தியமா."

சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் என் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி சூடேறி நிற்கும்வரை ஓடவிட்டு, மீட்டரை வைத்தாள். சென்சாருக்கு மின்சாரம் வருகிறது, எர்த் இருக்கிறது. சேதி கொண்டுபோகும் வயர் மட்டும் செத்துக் கிடந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே போனாள். பாட்டரிக்கு அடியில் கறுப்பு டேப் தட்டுப்பட்டது. பிரித்தால், பெட்ரோல் வண்டியைக் கேஸில் ஓட வைப்பதற்காக யாரோ வயரை வெட்டி, வெறும் கையால் முறுக்கிய இணைப்பு! பச்சையாகக் களிம்பேறி, சூட்டில் விட்டுவிட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது.

ரதிவோயின் காது சிவந்துவிட்டது. கேஸ் மாட்டியது தன்னுடைய கூம் என்று முணுமுணுத்தான். கூம் என்றால் எங்களுக்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று, பிள்ளைக்குப் பெயரும் வைத்தவன். நாங்கள் கோபம் வந்தால் கடவுளைக்கூடத் திட்டுவோம், கூமைத் திட்ட மாட்டோம். அதற்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, மூன்று சென்சாருக்குத் தண்டம் அழுதிருக்கிறான் பாவி!

வுகோசவா திட்டவில்லை. வாய்வரை வந்ததை அவள் விழுங்கி நான் பார்த்தது அன்றுதான்.

"ஒங் கூம் தங்கமானவன்டா. கட்டிங் பிளேயர மட்டும் அவன் கையில குடுத்துறாத."

கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் வைத்து ஈயத்தால் பற்றவைத்தாள். "ஏறு, மலைக்கு விடு" என்று அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாவுக் கையோடு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

இருப்பதிலேயே செங்குத்தான வளைவில், எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்துவிட்டாள்.

"ஐயோ அக்கா!"

"இப்பப் போடு."

பின்னால் ஒரு லாரி அலறியது. ரதிவோய் சாவியைத் திருகினான். அரைச் சுற்றில் பிடித்தது! மறுபடி அணைத்தாள், மறுபடி பிடித்தது. மூன்றாம் தடவையும் பிடித்ததும், அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டான்.

"பொழுது சாஞ்சு தேனீயெல்லாம் உள்ள அடஞ்சதும் பெட்டி வாசலையெல்லாம் அடைச்சிரு! இன்னிக்கே ஏத்துறோம்!"

லாரிக்காரன் பொறுமை இழந்து திரும்பவும் ஹாரன் அடித்தான். வுகோசவா ரதிவோயின் குறுக்கே கையை நீட்டி, எங்கள் வண்டியின் ஹாரனை அழுத்தினாள். அழுத்திய கையை எடுக்கவே இல்லை.