மருந்து டின்னில் அம்மன் காட்டிய வரி

அப்பா செத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அம்மனை நம்பிக் கோயிலுக்கு வந்திருக்கும் உங்களிடம் அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பா, நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்ட முட்டைக்கோசுக்குப் பூச்சி மருந்து அடித்தார். மிச்சத்தைத் தண்ணீர் போத்தலில் ஊற்றி வைத்தவர், தாகத்தில் மறந்துபோய் அதையே எடுத்து ஒரு மடக்கு விழுங்கிவிட்டார்.

"போத்தல்ல இருந்த மருந்தக் குடிச்சிட்டேன், தொண்ட எரியுதும்மா" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அத்தை உப்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். "வாயத் தொறண்ணே! வாந்தி எடுத்தா எல்லாம் வெளிய வந்துரும் லா!" மருந்து டின்னை என் கையில் திணித்தார். "ஸ்கூல் போறவதானே, என்னா போட்டிருக்குன்னு பாருடி!"

மலாய் எழுத்து இருந்த பக்கம் தேய்ந்துவிட்டது. ஆங்கிலம் மட்டும் மிச்சம். எனக்கோ ஆங்கிலம் என்றாலே குலை நடுங்கும். நான்காம் படிவ வகுப்பில் பத்தி படிக்கச் சொன்னால், தெரியாத முதல் சொல்லிலேயே நின்றுவிடுவேன். "எனக்கு வராது டீச்சர்" என்று உட்கார்ந்துவிடுவேன்.

அன்றும் நின்றேன். 'டூ நாட்' புரிந்தது. அடுத்த சொல் தெரியவில்லை. கண்ணீரில் எழுத்தெல்லாம் மறைந்தது. தம்ளர் அப்பாவின் வாய்க்குப் போய்விட்டது.

"தாயே, எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனா எங்கப்பா வேணும்."

அவ்வளவுதான் வேண்டினேன். கண்ணைத் துடைத்தேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்த்தேன். 'வாமிட்டிங்' என்று இருந்தது, வாந்தி. கீழ் வரியில் டாக்டரிடம் இந்த டின்னைக் காட்டு என்று இருந்தது. முழுசாகப் புரிந்துவிட்டது.

"அத்த, குடுக்காதீங்க! வாந்தி எடுக்க வைக்கக் கூடாதாம்!"

"நெசமாவாடி?"

தப்பாகப் படித்திருந்தால் அப்பாவை நானே கொன்றவளாவேன். "ஆமா" என்று கத்தித் தம்ளரைத் தட்டிவிட்டேன்.

பக்கத்து வீட்டு மாமாவின் காரில் போனோம். வளைவுக்கு வளைவு அம்மனைக் கூப்பிட்டேன். டின்னை மடியில் வைத்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டின்னைப் பார்த்தார். "வாந்தி எடுக்க வச்சீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நல்ல வேளை. எடுத்திருந்தா மருந்து நுரையீரலுக்குள்ள போயிருக்கும்."

நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்பா பிழைத்து வந்தார். இப்போது எந்த டின் வாங்கினாலும், "படிச்சுச் சொல்லும்மா" என்று என்னிடம் நீட்டுகிறார். வகுப்பிலும் படிக்கிறேன். பயம் போகவில்லை. பயத்தோடேயே படிக்கிறேன்.

எனக்கு வராது என்று அழும் பிள்ளைகளே, தாயிடம் அழுங்கள். அவள் கேட்பாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த சொல்லைப் பாருங்கள். எனக்கு அவள் அங்கேதான் இருந்தாள்.