நூறு பஸ்கி

போன செவ்வாய்க்கிழமை ஒரு மனிதனின் இதயத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அவன் என் சிநேகிதன்.

வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என்னிடம் சிரிப்பை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் சரக்கு இல்லை.

சைகோன் ஆஸ்பத்திரி ஒன்றின் லாபரட்டரியில் நான் குமாஸ்தா. கண்ணாடித் தகடுகளுக்கு லேபிள் எழுதி ஒட்டுவேன். அவ்வளவுதான். ஆனால் நம் ஆட்களுக்கு அது போதாதா? ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவனெல்லாம் பாதி டாக்டர்!

வைத்திலிங்கம் காரைக்கால்காரன். துறைமுகக் கிடங்கில் காவல் வேலை. தினம் காலையில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. மாரியம்மன் கோயில் பல்லக்கின் முன்தண்டு ஒன்பது வருஷமாக அவன் தோளில்தான்.

பல்லக்குக் கோஷ்டியில் ஒரு வழக்கம். காய்ச்சலில் படுத்து எழுந்தவன் எல்லார் முன்னாலும் நிறுத்தாமல் நூறு தடவை உட்கார்ந்து எழுந்து பஸ்கி போட வேண்டும். முடியாவிட்டால் தண்டு இன்னொருவனுக்கு. பாதி வழியில் அவன் தள்ளாடினால் அம்மன் சாய்ந்துவிடுவாளே என்ற பயம். எண்ணுவது யார்? ‘முசியே’ என்று பிரெஞ்சு மரியாதையோடு எல்லாரும் கூப்பிடும் ஆஸ்பத்திரிக்காரன்... அடியேன்தான்.

வைத்தி தொண்டைப்புண்ணும் காய்ச்சலுமாகப் பத்து நாள் கிடந்தான். காய்ச்சல் விட்டு நாலாம் நாள் பஸ்கிப் பரீட்சை. அன்று காலை அவன் மனைவி காமாட்சி என்னைத் தேடி வந்தாள்.

“அண்ணே, நாலு படி ஏறுனாலே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துடுறாரு. நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு.”

“படுத்தே கெடந்த ஒடம்பும்மா. நல்லா வேத்துச்சுன்னா சரியாப் பூடும்,” என்றேன்.

எவ்வளவு தைரியம் எனக்கு! அந்த வாயில் அடிக்க வேண்டாமா?

ஐம்பதாவது பஸ்கியில் அவன் உதடு வெளுத்தது. அறுபதில் நான் தயங்கினேன். “எண்ணுங்க முசியே, ஏன் நிறுத்திட்டீங்க?” என்று சிரித்தான். எண்ணினேன். எண்பத்திரண்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

இவ்வளவு பலசாலி எப்படிச் செத்தான் என்று எங்கள் பிரெஞ்சு டாக்டருக்கு ஆச்சரியம். தொடையிலும் இதயத்திலும் துளித் துளி தசை எடுத்துத் தகடு செய்தார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

தொடைத் தசையில் கோடு போட்ட இழைகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, தடி தடியாக. பயிற்சி புது இழைகளைக் கொண்டுவருவதில்லையாம், இருக்கிற இழையைத்தான் பருக்க வைக்குமாம். இதயத் தசையும் உழைக்க உழைக்க அப்படித்தான் பருக்குமாம்.

பிறகு இதயத் தகடு. இழைகள் வீங்கி, கோடுகள் அழிந்து, அங்கங்கே அறுந்து கிடந்தன.

“காய்ச்சலின் விஷம்,” என்றார். “தொடை ஓய்வெடுக்கும். இதயத்துக்கு ஏது ஓய்வு? செத்த இழைக்குப் பதில் புதிது முளைக்காது, தழும்புதான். இரண்டு மாதம் படுத்திருந்தால் மிச்ச இழைகள் சமாளித்திருக்கும். இவனை எழுந்திருக்க விட்டது யார்?”

நான் லேபிளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

வெளியே தெரிகிற தசையைப் பார்த்து, உள்ளே இருக்கிற தசைக்கு நாமே சர்ட்டிபிகேட் கொடுத்துவிடுகிறோம். கொடுத்தவன் நான்.

அன்று சாயங்காலமே காமாட்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்க சொன்னீங்கன்னுதாண்ணே, நானும் கஞ்சி காச்சிக் குடுத்து அனுப்புனேன்,” என்றாள்.

திட்டியிருக்கலாம். பாவி மகள், திட்டவே இல்லை.

நேற்று கோஷ்டியிலிருந்து ஒருவர் வந்தார். முன்தண்டுக்கு மாணிக்கமாம். அவனும் காய்ச்சல் விட்டு ஒரு வாரம்தான் ஆகிறதாம். “ஞாயித்துக்கெழம எண்ண வந்துடுங்க முசியே.”

“அவனப் படுக்கச் சொல்லுங்க. அம்மன வண்டியில வெச்சு இழுங்க,” என்றேன்.

“அது எப்படி? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“எனக்கு எண்பத்திரண்டு வரைக்குந்தான்யா எண்ணத் தெரியும்!”