கொப்பியின் கடைசி வரி

2009 பெப்ரவரி. ஊரில் போர் உச்சத்தில் இருந்தது. லண்டனில் நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். மனோர் பார்க்கில் என் வீட்டு மேலறையில், சுவிஸிலிருந்து வந்த ரூபன் வாடகைக்கு இருந்தான். ஞாயிறுதோறும் விடியவே பைனாகுலரோடு போவான். சேறு படிந்த சப்பாத்தோடு திரும்புவான். எங்கே என்று கேட்டால், "சும்மா நடக்கப் போனனான் அண்ணை" என்பான்.

ஒருநாள் அவன் குளிக்கும்போது அவனுடைய குறிப்புக் கொப்பியைத் திறந்தேன். வெட்கம்தான், ஆனாலும் திறந்தேன். நேரம், எண்ணிக்கை, திசை, நடுவில் ஜெர்மன் சொற்கள். ஊரில் இப்படிக் குறிப்பெடுத்தவர்களால் காணாமல் போனவர்களை எனக்குத் தெரியும். இவன் யாரையோ வேவு பார்க்கிறான் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த ஞாயிறு பின்தொடர்ந்தேன். வால்தம்ஸ்ரோ நீர்த்தேக்கக் கரையில் புயல்காற்று என் குடையை முறித்தது. கொட்டும் மழையில் ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்து நின்றேன். அவன் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து எழுதினான். அங்கே வாத்துகளைத் தவிர ஒன்றுமில்லை. திடீரென்று பைனாகுலர் என் பக்கம் திரும்பியது. ஏதோ எழுதிவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

"என்ன எழுதினனீ?" என்று அதட்டினேன்.

கொப்பியை நீட்டினான். "எல்லாம் வாத்துப் பேர்கள் அண்ணை. அங்க சனம் சாகேக்க, வாத்துப் பாக்கப் போறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

கடைசி வரி மட்டும் தமிழில் இருந்தது: "10.40. மரத்தடியில் அண்ணை. குடை இல்லை. நடுங்குகிறார்."

பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தான்.

நானும் ஒரு மாதமாக அவனைக் கவனித்தவன்தான். அவனுக்குக் குளிருமா என்று ஒருநாளும் பார்க்கவில்லை.