நேத்து யார் பாடு?

ஏரியில் வலை போடும் இடங்களை அந்தக் குப்பத்தில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒருமுறை கோயில் முன்னால் சீட்டு எடுப்பார்கள். குடும்பமாக வாழும் ஆணுக்குத்தான் பாடு. பெண்டாட்டி இல்லாதவன் அடுத்தவன் வலையைக் கூலிக்கு இழுக்க வேண்டும்.

பெண்களிடமும் ஒரு பாடு இருந்தது. அது ஆண்களுக்குத் தெரியாது. காலையில் இறால் கூடைகளோடு சந்தைக்குப் போகும் படகில், இன்ஜின் சத்தம் எழுந்ததும் யாராவது கேட்பார்கள்: "நேத்து யார் பாடு?" முந்தின நாள் புருஷனிடம் அடி வாங்கியவள் கையைத் தூக்குவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அநேகமாகக் கோமளாவின் கைதான் உயரும்.

ஜாக்குலின் சென்னையிலிருந்து வந்த மருத்துவ உளவியலாளர். கணவனின் அடி பெண்ணின் மனதை என்ன செய்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. பால்வாடியில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியிடமும் தனியாகப் பேசினாள். வீட்டில் அடிதடி உண்டா என்று கேட்டதற்குக் கோமளா, "அவரு தங்கம் மேடம்" என்றாள். தூக்கம் எப்படி என்றபோதுதான் கொஞ்சம் யோசித்தாள்.

"கதவு நாதாங்கி சத்தம் கேட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். பிரஷரா இருக்கும்."

மறுநாள் ஜாக்குலினும் சந்தைப் படகில் ஏறினாள். இன்ஜின் கிளம்பியது. கோமளாவின் அக்கா முனியம்மாள் பழக்கத்தில் கேட்டுவிட்டாள்: "நேத்து யார் பாடு?" கோமளாவின் கையும் பழக்கத்தில் உயர்ந்துவிட்டது.

பாடு என்றால் என்னவென்று ஜாக்குலின் முந்தின நாள்தான் ஊர்த் தலைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். "அப்படியா! வாழ்த்துக்கள் கோமளா. நிறைய கிடைச்சுதா?"

கோமளா தூக்கிய கையை இறக்கினாள்.

"கெடச்சுது மேடம். நல்லாவே கெடச்சுது" என்றாள் முனியம்மாள்.

படகு ஆடுமளவுக்குச் சிரித்தார்கள். கோமளாதான் அதிகம் சிரித்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

"ஏரிப் பாடு இல்ல மேடம். முதுகுப் பாடு" என்றாள் கோமளா.

ஜாக்குலின் கரை வரும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இறங்கிய பிறகு சொன்னாள்: "நெஞ்சு படபடக்கிறது பிரஷர் இல்ல கோமளா. அடி எப்ப விழும்னு உடம்பு காத்துக்கிட்டே இருக்கு. அடி நின்னா அதுவும் மெல்ல அடங்கும்."

"அப்போ நான் லூசு இல்லியா?"

"யார் சொன்னது?"

"அவருதான். தெனமும்."

"இல்ல."

அந்த ஒரு வார்த்தையைத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கக் கோமளாவுக்குச் சில வாரங்கள் ஆயின. ஜாக்குலின் வரும்போதெல்லாம் போய்ப் பேசினாள். பிறகு மகள் ஷாலினியைக் கூட்டிக்கொண்டு முனியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். புருஷன் பூபதி குடித்துவிட்டு அங்கே வந்தான். வாசலில் முனியம்மாள் மீன் வெட்டும் கத்தியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் மீன் இல்லை. அவன் திரும்பிப் போனான்.

சீட்டு எடுக்கும் நாள் நெருங்கியதும் குடிக்காமல் வந்தான். "கோயிலாண்ட வந்து பக்கத்துல நில்லு, போதும்."

நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கே அந்த வீட்டுக்குள் திரும்ப வேண்டும். நிற்காவிட்டால் அவனுக்குப் பாடு போகும். ஊர் அவளைத்தான் ஏசும். "உன் பொண்ணுக்கு யாரு சோறு போடுவா?" என்று இப்போதே கேட்டார்கள்.

கோமளா போனாள். பெண்கள் நிற்கும் இடத்திலேயே நின்றாள். தலைவர் அங்கமுத்து பூபதியின் பேரைக் கூப்பிட்டார்.

"குடும்பமாத்தான கீற?"

"ஆமா. தோ, நிக்கிறாளே."

"இல்ல" என்றாள் கோமளா.

"புருஷன் பொண்டாட்டி சண்டைய ஊர்ல வெக்காத கோமளா."

"ஏரில மொற வெச்சிப் பாடு தர்றீங்க மாமா. இன்னிக்கு ஒருத்தன், நாளைக்கு ஒருத்தன். எங்க வூட்ல மொறயே கெடயாது. தெனமும் என் பாடுதான்."

ஆண்களுக்குப் புரியவில்லை. முனியம்மாள் உரக்கக் கேட்டாள்: "நேத்து யார் பாடு?"

பின்னாலிருந்து ஒரு குரல், "என்து." இன்னொன்று, "என்து." பிறகு அங்கங்கே. கடைசியாக அங்கமுத்துவின் மனைவி மூக்குத்தியைத் திருகியபடி, "போன மாசம் என்து" என்றாள்.

அங்கமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"பாடு வூட்டுக்குத்தான் மாமா. நானும் எம்பொண்ணும் இருக்கிற எடம் வூடு. வலை போட என் தம்பி கீறான்."

கல்யாணமாகாத தம்பி பிரசாந்த் முன்னால் வந்தான். இதுவரை கூலிக்கு இழுத்தவன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அங்கமுத்து தன் மனைவி பக்கம் பார்க்காமல், "இந்த வருசத்துக்கு மட்டும்" என்றார். சீட்டுக் குடத்தில் பூபதிக்குப் பதில் கோமளா கைவிட்டாள்.

மறுநாள், "என்து" என்றவர்களில் ஒருத்தி படகுக்கு வரவில்லை. ஜாக்குலினும் முனியம்மாளும் அவள் வீட்டுக்குப் போனார்கள். கத்தியையும் எடுத்துக்கொண்டு.

ஏரியில் கோமளாவின் முறை வந்தது. அன்றிரவு பிரசாந்த் வலை போட, அவள் விடியும்வரை நன்றாகத் தூங்கினாள். தம்பி வந்து நாதாங்கியைத் தட்டியது அவள் காதில் விழவில்லை, ஷாலினிதான் எழுப்பினாள். படகில் கூடையோடு ஏறினாள். இன்ஜின் கிளம்பியதும் யாரோ கேட்டார்கள்.

"நேத்து யார் பாடு?"

"என்து" என்றாள் கோமளா. கூடைமேலிருந்த ஈரச் சாக்கை விலக்கிக் காட்டினாள். இறால் துள்ளியது.