என் இணையதளத்தில் இல்லாத வரி

கொழும்பில் வேலை போய் நான் வட்டகொடைக்குத் திரும்பி வந்ததற்கு அடுத்த வருடத்து மழைக்காலம் அது. பெட்ரோல் வரிசைகள் முடிந்திருந்தன. ஏறிய விலைகள் மட்டும் இறங்கவே இல்லை. ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப் போகிற தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம்.

கொழும்பில் நான் பார்த்தது ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் நோயாளிகளைப் பதிந்து டொக்டரிடம் அனுப்புகிற வேலை. தமிழ் மட்டுமே தெரிந்து வருகிறவர்களுக்கும் சிங்களம் மட்டுமே பேசுகிற டொக்டருக்கும் நடுவில் நின்று, அங்கே சொன்னதை இங்கே, இங்கே சொன்னதை அங்கே என்று பேசிக்கொண்டே இருப்பேன். வியாதிகளின் பேர், வலியின் வகை, மருந்து சாப்பிடும் முறை எல்லாமே இரண்டு மொழியிலும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாடு நொடித்த வருடத்தில் அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். கையில் ஒரு பையோடு ரயில் ஏறி வந்தேன்.

வந்ததும் லயத்து ஆட்கள் என்னைத் தேட ஆரம்பித்தார்கள். "புள்ள, ஆஸ்பத்திரிக்குக் கூட வாறியா? அவங்க சொல்றது ஒண்ணும் வெளங்கல" என்பார்கள். போவேன். நம் ஆட்களுக்குக் கடைத்தெருச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் நெஞ்சு அடைக்கிறது என்பதையும் நெஞ்சு எரிகிறது என்பதையும் பிரித்துச் சொல்லக் கடைத்தெருச் சிங்களம் போதாது. ஒரு நாள் காலையில் இரண்டு வீட்டார் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். ஒரு வீட்டோடு போனேன். மற்ற வீட்டுக்கு, கேட்க வேண்டிய கேள்விகளைச் சிங்களத்தில், ஆனால் தமிழ் எழுத்தில், போனில் எழுதி அனுப்பினேன். அது கைமாறிக் கைமாறி வேறு தோட்டங்களுக்கெல்லாம் போய்விட்டது. முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு இன்னும் கேட்டார்கள்.

சிங்களம் சொல்லிக்கொடுக்கிற என் இணையதளம் அப்படித்தான் பிறந்தது. எப்படிச் செய்வது என்று வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குத்தான் அதிகப் பக்கங்கள். "கொஹெத ரிதென்னே?" என்று கேட்டால் எங்கே வலிக்கிறது என்று அர்த்தம், அதற்கு இப்படிப் பதில் சொல்லுங்கள் என்று ஒவ்வொன்றாக எழுதி, என் குரலிலும் பேசிப் போட்டேன். சில மாதம் கழித்து விளம்பரம் வைக்க அனுமதி கிடைத்தது. முதல் பணம் வந்த அன்று அம்மாவிடம் காட்டினேன்.

"ஒக்காந்த எடத்துல தட்டுனதுக்கா குடுக்குறாங்க? யாரு புள்ள குடுக்குறது?" என்று சந்தேகமாகப் பார்த்தார்.

பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. போன் கார்டுக்கும் வீட்டுக்குச் சீனி, மாவு வாங்கவும் போதும். ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒன்றை நாலு பேருக்குச் சொல்லி, யாரையும் ஏமாற்றாமல் வருகிற காசு என்ற நிம்மதி இருந்தது.

அந்த மழைக்காலம் அதையும் குலைத்தது. கூரைத் தகரம் துருப்பிடித்து, படுக்கிற இடத்துக்கு மேலேயே ஒழுகியது. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி, மலையேறிக் கொழுந்து எடுக்க முடியாமல் நாளைக்குப் பாதிச் சம்பளமே விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு விளம்பரக்காரர் போன் செய்தார். என் தளத்துக்கு வருகிற ஆட்களைப் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு விளம்பரப் பட்டை மட்டும் வைத்தால் போதும், மாதாமாதம் பணம் வரும் என்றார். என்ன பட்டை என்று கேட்டேன். போனில் ஆடுகிற பணச் சூதாட்டம். அதோடு, அடையாள அட்டைப் படத்தை அனுப்பினால் உடனே கடன் தருகிற ஒரு ஆப். அவர் சொன்ன தொகைக்குக் கூரையை மாற்றி அம்மாவின் காலுக்கும் பார்க்கலாம்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும், "நாமளா ஆடச் சொல்றோம்? பாக்குறவன் பாத்துட்டுப் போறான். மொதல்ல கூரைய மாத்துவோம்" என்றார். அவர் சொன்னதில் எனக்கும் பாதி மனது இருந்தது. சம்மதம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அப்போதுதான் தளத்தில் இருந்த என் எண்ணுக்கு ஒரு பெண் கூப்பிட்டார். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டம் என்றார். என்னை நேரில் பார்க்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால், "நேர்ல வந்து சொல்றேங்க" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. இந்த மழையில் இத்தனை பஸ் மாறி வர வேண்டாம், போனிலேயே சொல்லுங்கள் என்றேன். கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கொழுந்து எடுக்கிற கை என்று பார்த்த உடனே தெரிந்தது. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க, அடுப்புக்கிட்ட ஒக்காருங்க" என்று பலகையை இழுத்துப் போட்டார்.

தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய கணவருக்கு வயிற்றில் கட்டி. வெகு நாளாக வலியை மறைத்து வேலைக்குப் போயிருக்கிறார். விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூட இருந்தது இந்த அக்கா மட்டும். வார்ட்டில் போனுக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்று, வெளியே வந்து என் பக்கங்களையெல்லாம் படமாகப் பிடித்து வைத்துக்கொண்டாராம்.

"ஒங்க பாடத்தப் பாத்துத்தான் தங்கச்சி எல்லாம் பேசுனேன். மருந்து எப்ப குடுக்கணும், சோறு குடுக்கலாமா, எல்லாம் கேட்டேன். நேர்சம்மா கூட, நல்லாப் பேசுறீங்கன்னு சொன்னாங்க."

எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவர் அடுத்ததைச் சொல்கிற வரைக்கும்தான்.

ஒரு நாள் டொக்டர் வந்து, கட்டில் பக்கத்தில் நின்று பேசினாராம். நல்ல மனிதர், மெதுவாகத்தான் பேசினார் என்றார். "சனீப கரன்ன பே" என்று சொன்னாராம். சுகமாக்க முடியாது. சனீப என்றால் சுகம் என்றும், பே என்றால் முடியாது என்றும் நான்தான் எழுதியிருந்தேன்.

"அந்தப் பேச்சு எனக்கு அப்படியே வெளங்கிருச்சு. அவரு என் மொகத்தையே பாத்துக்கிட்டு, டொக்டரு என்ன சொன்னாருன்னு கேக்குறாரு. அவருக்கு அவ்வளவு சிங்களம் வராது. ஊட்டுக்குப் போகலாமாம்னு சொல்லிட்டேன். இத வெளங்காமலே இருந்திருக்கலாமேன்னு ஒரு நிமிஷம் ஒங்களத்தான் நெனச்சேன் தங்கச்சி."

அடுப்பில் விறகு வெடித்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க அக்கா" என்று மட்டும் வாயில் வந்தது.

"அய்யய்யோ, அதுக்குச் சொல்லல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வந்த காரணம் அதற்குப் பிறகு நடந்ததாம்.

வீட்டுக்குப் போகலாம் என்று கணவரிடம் சொல்லியாயிற்று. அவரும் அதையே பிடித்துக்கொண்டார். எப்போது போவோம், எப்போது போவோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இந்த அக்காவுக்கும், இனி இங்கே வைத்திருப்பதைவிட லயத்துக்கே கூட்டிப் போய், பிள்ளைகளும் சொந்தமும் பக்கத்தில் இருக்கப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்கிறது. ஆனால் அதை எப்படிக் கேட்பது? வராந்தாவில் நின்று போனில் இருந்த படங்களை ஒன்று விடாமல் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார். கிடைத்தது ஒரே ஒரு வரி. "கவத்த கெதர யன்ன புளுவன்?" எப்போது வீட்டுக்குப் போகலாம்?

அது சுகமாகிப் போகிறவர்களுக்காக நான் எழுதிய வரி.

வார்ட்டில் இருந்த தாதியிடம் போய் அதைக் கேட்டிருக்கிறார். பாவம், இந்த அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்து அந்தத் தாதி தோளைத் தொட்டு, உங்கள் கணவருக்கு இனிச் சுகமாகாது அம்மா என்று மறுபடியும் சொல்லியிருக்கிறார். இவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதே வரியைக் கேட்டிருக்கிறார். அந்தத் தாதி இன்னொரு தாதியைக் கூட்டி வந்திருக்கிறார். அவரும் அதையே, இன்னும் எளிமையாக, இன்னும் அன்பாகச் சொல்லியிருக்கிறார்.

"எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு சொல்லணும் போல இருந்துச்சு. கேக்குறதுக்கு வேற பேச்சு இல்ல தங்கச்சி. அந்த ஒரு பேச்சுதான் இருந்துச்சு. நான் கேக்கக் கேக்க அவங்க திரும்பத் திரும்ப அவரு சாகப் போறாருன்னே சொன்னாங்க."

சாயந்திரம் வேலைக்கு வந்த, வார்ட் துடைக்கிற தமிழ்ப் பெண் ஒருவர் இவர் அழுவதைப் பார்த்து விசாரித்து, தாதியிடம் விஷயத்தைச் சொன்னாராம். அதன் பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது. வலிக்கு மருந்து கொடுத்து, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லி அனுப்பினார்கள். கணவர் வீட்டுக்கு வந்து சில நாள் இருந்திருக்கிறார். வாசலில் கட்டில் போட்டு, பனி இல்லாத நேரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாராம். பிள்ளைகள் எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டார்.

"கேக்க எனக்குக் கெடைக்காமப் போன அந்தப் பேச்ச நீங்க போட்டுடணும். அதச் சொல்லத்தான் வந்தேன். போன்ல சொன்னா நான் அழுதுருவேன், ஒங்களுக்கு வெளங்காமப் போயிரும்."

உடனே போனை எடுத்து எழுத உட்கார்ந்தேன். அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பக்கத்திலேயே இருக்கலாமா? வலி தெரியாமல் இருக்க என்ன கொடுக்கலாம்? பிள்ளைகளை உள்ளே விடுவீர்களா? கடைசியில், உடம்பைக் கொண்டுபோக யாரைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். கொழும்பில் எத்தனையோ பேருக்காகப் பேசியிருக்கிறேன். சுகமாகிற வியாதிகளுக்கான சொற்கள்தான் அங்கே எனக்குத் தேவைப்பட்டிருந்தன. இந்த வரிகளை ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

முதல் வரியாக, இவரை வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்பதைப் போட்டேன். "மெயாவ கெதர எக்கன் யன்ன புளுவன்த?" என்று வாசித்துக் காட்டினேன். அவர் அதை மெல்லத் திருப்பிச் சொன்னார். ஒரு எழுத்துப் பிசகியது. திருத்தினேன். மறுபடி சொன்னார். இப்போது சரியாக வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, கேட்க ஆள் இல்லாத அந்தக் கேள்வியைச் சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். மூன்று பேரும் அழுதோம்.

சாப்பிட்டுப் போகச் சொன்னோம். பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார். ரோடு வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். ஜன்னல் கண்ணாடியைப் பனி மூடியிருந்ததால் கடைசியாக அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

இரண்டொரு நாளில் அந்த விளம்பரக்காரர் மறுபடி கூப்பிட்டார். அவர் பேசப் பேச எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாதான் கண்ணில் தெரிந்தது. புருஷன் பிழைக்கமாட்டான் என்று கேட்டுவிட்டு வந்து ஒரு பெண் என் பக்கத்தைத் திறக்கிறார். தலையில் சூதாட்டப் பட்டை மின்னுகிறது. அதற்குக் கீழே, உடனே கடன். அந்த நேரத்தில் அதை அவர் தொடமாட்டார் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவருக்குக் கோபம். "மலையில ஒக்காந்துக்கிட்டு நல்லது கெட்டது பாத்து என்னத்தக் காணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அம்மாவிடம் சொன்னபோது திட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஒழுகுகிற இடத்துக்குக் கீழே சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, "அந்தப் பொம்பள பத்தரமா ஊடு போய்ச் சேந்துச்சான்னு கேட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

கூரை அந்த வருடம் மாறவில்லை. தகரத்துக்கு மேல் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்தோம். அம்மாவின் கால் முழுசாகச் சரியாகவில்லை. நொண்டி நொண்டித்தான் மலைக்குப் போகிறார். நான் பக்கத்தில் உள்ள தலவாக்கலையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் பாதி நாள் வேலை பார்க்கிறேன். தளத்தில் வருகிற சின்ன வருமானம் இப்போதும் வருகிறது. அதோடு, வார இறுதியில் போன் வழியாக என்னிடம் சிங்களம் படிக்கிற சிலர் மாதக் கட்டணம் தருகிறார்கள். பிறகு ஒருமுறை அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். எண் வேலை செய்யவில்லை.

அவர் சொல்லி எழுதிய அந்தப் பக்கத்தில் மட்டும் நான் எந்த விளம்பரமும் வைக்கவில்லை. இரவில் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தளம் காட்டும். மற்றப் பக்கங்களில் எண்ணிக்கை கூடினால் மனது நிறையும், அது என் சோறு. இந்தப் பக்கத்தில் மட்டும், இன்றைக்காவது ஒருவருமே வராமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் திறக்கிறேன். வந்திருக்கிறார்கள் என்று தெரியும்போது, எங்கேயோ ஒரு வார்ட் வாசலில் நிற்கிற அந்த முகம் தெரியாத மனிதருக்குக் கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வந்திருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆறுதல் இல்லை.